சோளம் விட்ட மூச்சு

9-9-1956, ஞாயிறு

காலையில் மூக்கம்மாள் நொச்சி இலையை வதக்கி முழங்காலில் கட்டிக்கொண்டாள். “நாப்பது வருசமா உங்க சட்டையில இருந்த சாக்பீசுத் தூளைத் துவைச்சே இந்தக் காலு போச்சு” என்றாள். சாக்பீசுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “குத்தவச்சுத்தானே துவைக்கணும்” என்றாள். 

பத்து மணிக்கு ஜக்கையன் சிலமலையிலிருந்து சைக்கிளில் வந்தான். ஒரு பை நிறையக் கத்தரிக்காய். எட்டாம் வகுப்புவரை என்னிடம் படித்தவன். இப்போது முப்பது வயது, விவசாயம், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் நடத்திய பாடங்களை இன்னும் நினைவில் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான் என்று தோன்றுகிறது. நான் மறந்தவற்றையும் அவன் சொல்வான். ஐப்பசியில் பழைய மாணவர்கள் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். வேண்டாம் என்றேன். வேண்டும் என்று மனசு சொன்னது. இங்கே எழுதுவதில் வெட்கமில்லை.

புதன்கிழமை அவர்கள், தானியத்தை மண்ணுக்கடியில் மூடிவைக்கும் சோளக்குழியைத் திறக்கிறார்கள். தையில் அறுத்த சோளம். ஆடியில் பாதியை எடுத்துவிட்டு மூடியது. மழைக்கு முன்னால் மிச்சத்தையும் எடுத்துவிட வேண்டும் என்றான்.

“ஒச்சப்பத் தாத்தா லாந்தரோட வந்து நிப்பாரு சார். முனிக்கு மூச்சுவிட நேரம் குடுக்கணுமாம்.”

“இன்னுமா அந்த விளக்கு?” என்றேன்.

குழிக்குள் ஒரு முனி குடியிருப்பதாக நம்பி, விளக்கை இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம் என்பது ஒச்சப்பனின் வழக்கம். அதை நான் வகுப்பில் கேலி செய்ததை ஜக்கையன் என் குரலிலேயே சொல்லிக் காட்டினான். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். உள்ளேயிருந்து மூக்கம்மாள், “ஒரு வாத்தியாருக்கே இந்த வீடு பத்தல, இப்ப ரெண்டா?” என்றாள்.

11-9-1956

மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்துவிட்டது. நூல் கட்டியிருக்கிறேன்.

12-9-1956, புதன்

ஜக்கையன் இறந்துவிட்டான். குழிக்குள்.

எழுத முடியவில்லை.

13-9-1956

நேற்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு மூடுகல்லைப் புரட்டியிருக்கிறார்கள். குழி பானை மாதிரி. வாய் குறுகல், வயிறு அகலம், ஆழம் இரண்டு ஆள். ஆடியில் திறந்தபோது சோளம் குழியின் கழுத்துவரை இருந்தது. இறங்கியவனின் தலை தரைக்கு மேலேயே நின்றது. இந்தத் தடவை சோளம் பாதிக்கும் கீழே. ஒச்சப்பன் விளக்கோடு வந்து சேர்வதற்குள் ஜக்கையன் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டான். கூடையைக் கேட்டுக் கை நீட்டினானாம். நீட்டிய கை அப்படியே தொங்கிவிட்டதாம். சத்தமே போடவில்லை.

அவன் அண்ணன் வீரையா பின்னாலேயே குதித்திருக்கிறார். நல்லவேளை, ஒச்சப்பன் வந்துவிட்டார். வீரையாவின் இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஜக்கையனைக் கொக்கி போட்டுத்தான் எடுத்தார்கள்.

அவன் முகத்தில் ஒரு காயம்கூட இல்லை. பாடத்தைக் கவனித்துக் கேட்கும்போது இருக்கும் முகம்.

16-9-1956, ஞாயிறு

மூக்கம்மாள் சந்தைக்குப் போய்விட்டு ஒரு பேச்சோடு வந்தாள்.

ஜக்கையனின் மனைவி வேலுத்தாய் அன்றைக்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள். குழி திறக்கும் இடத்துக்கு வீட்டுப் பெண்கள் போவதில்லை. அவளுடைய நிழல் குழிவாயில் விழுந்ததாம், முனி மூச்சைப் பிடித்துக்கொண்டதாம். வீரையா ஊரில் இப்படித்தான் சொல்கிறாராம். பதினாறாம் நாள் கருமாதிப் பந்தலில் பேசி முடித்து அவளைப் பிறந்த ஊரான ராசிங்காபுரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தை கருத்தம்மாளை அனுப்பமாட்டார்கள். அவள் சிலமலை வீட்டுப் பிள்ளையாம்.

“புருசனும் போயி பிள்ளையும் போகணுமாக்கும்” என்று சொல்லி, காய்கறிப் பையைத் தரையில் போட்டாள். ஒரு வெங்காயம் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து வைத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

கருமாதி 27ஆம் தேதி, வியாழன்.

18-9-1956

சிலமலைக்குப் போனேன். ஆறுதல் கேட்கப் போனேனா, சொல்லப் போனேனா என்று தெரியவில்லை.

வேலுத்தாய் மாட்டுக்கொட்டத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மாமியார் மருதாயி உள்ளே. குழந்தை என் நூல் கட்டிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அருகில் இல்லாதபோது வேலுத்தாய் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“கஞ்சிய வச்சிட்டு நான்தான் சொன்னேன் சார், தாத்தா வரட்டும், லாந்தர எறக்கிப் பாத்துட்டு எறங்குங்கன்னு. அவுக சிரிச்சாக. ‘எங்க வாத்தியார் சொல்லியிருக்காரு புள்ள, செடிகொடி எல்லாம் நமக்கு நல்ல காத்தத்தான் விடும். சோளமும் செடிதானே? உள்ள பூரா நல்ல காத்து. வெளக்கு வீண் சோலி’ன்னாக. சொல்லிட்டுத்தான் எறங்குனாக.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இத நான் யாருகிட்டயும் சொல்லல சார்.”

“ஏம்மா?”

“சொன்னா மட்டும் நம்பவா போறாக? உங்க பேருதான் கெடும். அவுக உங்கள அப்படிக் கும்பிட்டாக.”

பஸ்சுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். வழியில் யாரோ “வாத்தியாரய்யா, கும்பிடுறேன்” என்றார்கள். தலையை ஆட்டினேனா இல்லையா, நினைவில்லை.

19-9-1956

பழைய பாடக்குறிப்பு நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். 1938. என் கையெழுத்துத்தான்: ‘மிருகங்கள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. தாவரங்கள் கரியமிலவாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகின்றன.’ அடியில் சிவப்பு மையில் கோடு. மனப்பாடம் செய்யச் சொல்லி.

பொய் இல்லை. பாதி. வெயிலில் பச்சை இலை செய்வது இது. ஆனால் அதே இலை, அதே வேர், அதே விதை, நம்மைப் போலவே இரவும் பகலும் மூச்சும் விடுகிறது — இது பயிற்சிப் பள்ளியில் நானும் ஒருமுறை படித்ததுதானே? ஏன் சொல்லவில்லை? பரீட்சையில் கேட்கமாட்டார்கள். இரண்டையும் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒன்றுக்கு ஒன்று எதிராக இருந்தால் அழகாக இருக்கும், கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போடலாம்.

அழகுக்காகவா?

எத்தனை வருசம், எத்தனை வகுப்பு! அத்தனை பேரில் ஒருவன் அதை நம்பி வாழ்க்கையில் பயன்படுத்தினான்.

ஆனால் உறுதியாகத் தெரியுமா? விழுந்து அடிபட்டிருக்கலாம். பாம்பு. இதயம். சோள மணி காய்ந்தது, உயிரற்றது மாதிரி கிடப்பது, அதற்கு என்ன மூச்சு? — இப்படித் தப்பிக்க ஒரு வழி தேடுகிறேன் என்பதும் தெரிகிறது.

20-9-1956

என் தம்பி வீரணனைப் பார்க்க மலைக்குப் போவதாக மூக்கம்மாளிடம் சொன்னேன். “இப்பவா?” என்றாள். ஏலக்காய் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் ஜீப்பில் இடம் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிச் சிலமலைப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் மலைப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஓடி வந்திருக்கிறேன். வேறு பெயர் இல்லை.

21-9-1956

வீரணன் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மேஸ்திரி. காய்ப்பறிப்பு மும்முரம். காலையில் ஸ்டோர் வாசலில் நின்று ஒரு பெண்ணை ஏசிக்கொண்டிருந்தான்.

“ஏத்தா ராக்கு, மூட்டையக் கட்டிக் கட்டி இப்படி அடுக்கி வச்சிருக்கியே, பச்சக் காயி வெந்து போகாதா? ராத்திரி பூராக் கெடந்திருக்கு!”

“மழையில எங்கண்ணே கொட்டுறது? உங்க தலையிலயா?” என்றாள் ராக்கு.

“வாயி மட்டும் வெரசா வருது. அவுத்துக் கொட்டு. பரத்திவிடு.”

“எல்லாரும் சத்தம் போடுறீக. காயிக்கு உசுரு இருக்கு, அது மூச்சுவிடுது, நானா விடுறேன்?” என்று மூட்டையை அவிழ்த்தாள். பக்கத்தில் நின்ற மலையாளத்துக்காரர், “செரியாணு, செரியாணு” என்று தலையாட்டிச் சிரித்தார்.

நான் மூட்டைக்குள் கையை விட்டேன். முழங்கைவரை.

சூடு. வெயில் படாத, அடுப்பில்லாத, மழையில் நனைந்த பச்சைக் காய். நடுவில் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு. கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன். வீரணன், “அண்ணே, பிடிக்குதா என்ன, குளிருக்கு இதமா?” என்று கேட்டான்.

என் பக்கத்தில் எவ்வளவோ வருசமாக இருந்த பாடம் இது. ராக்கு பள்ளிக்கூடம் போனதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பறித்த பின்னும் ஒவ்வொரு காயிலும் உள்ள உயிரணுக்கள் சாகவில்லை. உயிரோடு இருக்கச் சக்தி வேண்டும். இலை வெயிலிடமிருந்து பிடித்துச் சர்க்கரையாகவும் மாவாகவும் கட்டிவைத்ததைக் காய் அவிழ்க்கிறது. அவிழ்க்கப் பிராணவாயு வேண்டும். அவிழ்த்தால் கரியமிலவாயு வரும், கொஞ்சம் ஈரம் வரும், மிஞ்சியது சூடாக வரும். என் கையில் பட்டது போன மாதத்து வெயில்.

தையில் சிலமலைக் காட்டில் அடித்த வெயில் குழிக்குள் என்ன செய்திருக்கும் என்று இனி யாரிடம் கேட்க வேண்டும்?

22-9-1956

இறங்கிவிட்டேன். சோளம் ஒரு படி வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். அகலவாய்க் கண்ணாடி ஊறுகாய்ச் சாடி இரண்டு. மூக்கம்மாள், “நார்த்தங்காய எங்க கொட்டுனீக?” என்றாள். சொன்னேன். பிறகு எதற்கு என்றும் சொன்னேன். வேலுத்தாய் சொன்னதையும்.

 அவள் சாடியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

24-9-1956, திங்கள்

மதுரைக்கு ரயில். கல்லூரி நூலகத்தில் ஒரு நாள். அங்கே தாவரவியல் நடத்துபவர் இரக்கப்பட்டுச் சமீபத்திய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் ஆங்கிலத்துக்கு மெதுவாகத்தான் போயிற்று.

நான் படித்த காலத்தில் மூச்சு என்றால் நெஞ்சில் நடப்பது. இப்போது ஒவ்வோர் உயிரணுவிலும் நடப்பது என்கிறார்கள். அணுவுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டி மணிகள் இருக்கின்றனவாம், அங்கேதான் எரிதல். எரிதல் என்றாலும் தீ இல்லை. விறகு எரிவதைப் போல ஒரே மூச்சில் எரிந்தால் அணு வெந்துவிடும். படிப்படியாக, சிறுகச் சிறுக. அப்படி வரும் சக்தியை ஒரு பொருள் ஏற்றுக்கொண்டு தேவைப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குகிறது, மறுபடி வந்து ஏற்றிக்கொள்கிறது. நம் தெருவில் தீப்பெட்டி இல்லாத வீட்டுப் பெண் சிரட்டையில் ஒரு தணல் வாங்கிப் போகிறாளே, அதுதான். அடுப்பையே தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு சிரட்டைத் தணல். உயிரணுவுக்குள் ஒரு கணத்தில் எத்தனை சிரட்டைகள் ஓடுகின்றன என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. செடியிலும் அதே. மனிதனிலும் அதே. சோள மணியிலும் அதே சிரட்டைதான். இவ்வளவு ஒற்றுமையை வைத்துக்கொண்டு நான் இரண்டு அம்புக்குறியை எதிரும் புதிருமாகப் போட்டேன்.

ஜக்கையனுக்கு அந்தக் குழியில் நடந்தது: தணல் நின்றது. சர்க்கரை இருந்தது, இரத்தம் இருந்தது, முப்பது வயது இருந்தது. பிராணவாயு இல்லை. தலைக்குள் இருக்கும் அணுக்கள்தான் முதலில் பட்டினி தாங்காதவை என்று எழுதியிருக்கிறது. நீட்டிய கை அப்படியே தொங்கியதற்கு அதுதான்.

ரயிலில் வரும்போது எதிரே ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டு வந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

25-9-1956

ஊறிய சோளத்தைப் போட்டு மூடிவைத்திருந்த சாடியைத் திறந்தேன். மூக்கம்மாள் கம்பியில் திரியைக் கட்டிக் கொளுத்திக் கொடுத்தாள். வெறும் சாடியில் இறக்கினேன், எரிந்தது. சோளச் சாடியில் வாயைத் தாண்டவில்லை, அணைந்தது. மறுபடி கொளுத்தினோம். அணைந்தது. யாரோ விரலால் நசுக்கிய மாதிரி.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைப் பப்பாளித் தண்டால் ஊதிக் காட்டினேன். பாலாக வெளுத்தது, என் மூச்சிலிருந்த கரியமிலவாயுவால். அதே தெளிநீரைச் சோளச் சாடியில் ஊற்றிக் குலுக்கினேன். அதுவும் வெளுத்தது.

“ரெண்டும் ஒரே மூச்சா?” என்றாள் மூக்கம்மாள்.

“ஒரே மூச்சு.”

பிற்பகல் ஒச்சப்பனை வரச்சொல்லியிருந்தேன். குழிச் சோளம் ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். மூடியபோது ஆடிச் சாரல் இறங்கியிருக்க வேண்டும். ஈரம், புளித்த வாடை, சில மணிகளில் முளை. காய்ந்த மணி மெல்ல மூச்சுவிடும். நனைந்தது வேகமாக விடும். போதாததற்குப் பூசணம் வேறு. எல்லாம் சேர்ந்து குழியிலிருந்த பிராணவாயுவைத் தின்றிருக்கின்றன. கரியமிலவாயு கனமானது, மூடியைத் திறந்தாலும் எழுந்து வெளியே போகாது. தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். ஆடியில் தலை மேலே இருந்தது, பிழைத்தான். இப்போது தலைக்கு மேல் நின்றது.

ஒச்சப்பன் சாடிக்குள் திரி அணைவதைப் பார்த்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் வகுப்பில் அவர் பெயர் பலமுறை சிரிப்புக்கு ஆகியிருக்கிறது. அதையும் சொன்னேன்.

“தெரியும் அய்யா. பயலுக ரோட்டுல என்னப் பாத்து ‘முனி மூச்சு’ன்னு கத்துவாக” என்றார். பிறகு, “அணையுதுன்னுதான் எனக்குத் தெரியும். ஏன் அணையுதுன்னு தெரியாது. எங்கப்பன் முனின்னு சொன்னான், நானும் சொன்னேன். காத்துன்னு சொல்லத் தெரிஞ்சிருந்தா அந்தப் பய நின்னு கேட்டிருப்பான்” என்றார்.

அவரிடம் விளக்கு இருந்தது. என்னிடம் காரணம் இருந்தது, அதிலும் பாதி. இருவரும் இருபது வருசம் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக நடந்திருக்கிறோம்.

26-9-1956

நாளைக் காலை. நேற்றே சோளத்தை அலசிச் சாடியில் மறுபடி மூடிவைத்தேன்.

பந்தலில் என்ன நடக்குமோ என்று மூக்கம்மாளிடம் கேட்டேன். “போனா அவுக அடிப்பாக. போகாட்டி நீங்களே உங்கள அடிச்சுக்கிட்டுக் கெடப்பீக. அத வீட்டுல வச்சு நான் பாக்கணும்” என்றாள். சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

27-9-1956, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சடங்கு பத்து மணிக்கு முடிந்தது. பந்தலில் ஐம்பது அறுபது பேர். ராசிங்காபுரத்திலிருந்து வேலுத்தாயின் அண்ணன் வந்து ஓரமாக நின்றார், தங்கையை அழைத்துப்போக மாட்டுவண்டியோடு. ஒரு தகரப்பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. குழந்தை மருதாயியின் மடியில். வேலுத்தாய் உள்ளே, கதவுக்குப் பின்னால், எனக்கு அவள் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.

வீரையா பேச எழுந்தார். நான் முந்திக்கொண்டு எழுந்தேன். இரங்கல் பேச எழுந்ததாக நினைத்துச் சிலர் வழிவிட்டார்கள். சாடிகளைப் பார்த்ததும் பின்னால் ஒருவர், “வாத்தியார் கருமாதிக்கு ஊறுகா கொண்டாந்திருக்காரு” என்றார். மெல்லிய சிரிப்பு. பரவாயில்லை.

“வீரையா, இந்தச் சாடியைப் பிடியுங்கள்” என்றேன். பந்தலோரத்து வெயிலில் வந்து தயங்கிப் பிடித்தார். வெறும் சாடி. வேலுத்தாயை வாசலுக்கு வரச் சொன்னேன். வந்தாள். வெயில் முதுகில் இருந்ததால் அவள் நிழல் சாடிமேல் விழுந்தது. கூட்டம் முணுமுணுத்தது. திரியை இறக்கினேன். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

பிறகு சோளச் சாடி. அதை மருதாயியின் கையில் கொடுத்தேன். பந்தலுக்குள், வேலுத்தாயின் நிழல் விழாத இடம். குழந்தையை ஒரு கையால் அணைத்து மறு கையால் பிடித்தாள். திரி இறங்கியதும் அணைந்தது. “இன்னொருக்கா” என்றாள் மருதாயி. இன்னொருமுறை அணைந்தது. “இன்னொருக்கா” என்றாள். மூன்று முறை.

“இதுக்குள்ள முனி இல்லம்மா. சோளம்தான் இருக்கு. உயிரோட இருக்கு. மூச்சுவிடுது. நல்ல காத்தைத் தின்னுட்டு நாம விடுற கெட்ட காத்தை விடுது. வெளக்கு எதைத் தின்னு எரியுதோ, அதைத் தின்னுதான் நாமளும் எரியிறோம். வெளக்கு அணையிற எடத்துல நாமளும் அணைஞ்சுருவோம்.” வகுப்பு நடத்தும் தமிழ் எப்போது என் வாயிலிருந்து போனதென்று தெரியவில்லை.

வீரையா, “அப்ப என் தம்பிக்கு இது தெரியாமப் போச்சே! எட்டாவது படிச்சவன்!” என்றார்.

இந்த இடத்துக்குத்தான் வந்தேன். 

“தெரியாமப் போகல. தப்பாத் தெரிஞ்சிருந்துச்சு. நான்தான் சொல்லிக்குடுத்தேன். செடி நல்ல காத்து மட்டுந்தான் விடும்னு. ஒச்சப்பன் வெளக்கு வீண் வேலைன்னு. செத்ததுக்கு மூணு நாள் முன்னாடிகூட எங்க வீட்டுல வச்சு அவனோட சேந்து சிரிச்சேன். வெளக்கை எறக்கிப் பாருங்கன்னு அன்னைக்குச் சொன்னது வேலுத்தாய் ஒருத்திதான். எம்பேரு கெட்ரும்னு பழிய அவ சுமந்துக்கிட்டு நிக்கிறா.”

 எங்கோ மாட்டின் கழுத்துமணி.

வீரையா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, “அப்ப நீங்கதானே சார்” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஆமா” என்றேன்.

ஒருவர் என் பக்கமாக வேகமாக வந்தார். ஒச்சப்பன் குறுக்கே நின்று, “எங்கப்பன் காலத்துலயும் அந்தக் குழியில வெளக்கு அணைஞ்சிருக்கு. அப்ப இந்தப் புள்ள பொறக்கவே இல்ல. அவளச் சொல்லாதிய” என்றார். என்னைச் சொல்லாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சரிதான்.

மருதாயி சாடியைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய் வேலுத்தாயின் இடுப்பில் வைத்தாள். “வண்டியில இருக்குற பெட்டிய எறக்குங்கய்யா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வரும்போது என்னோடு ஒருவரும் பேசவில்லை. சாடிகளை அங்கேயே விட்டு வந்துவிட்டேன்.

30-9-1956

பழைய மாணவர் கூட்டம் இல்லை என்று சீட்டு வந்தது. காரணம் எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை.

4-11-1956

ஐந்து நாளாக மழை. சிலமலைக்குப் போய்வந்த மூக்கம்மாள் சொன்னாள்: அந்தக் குழியைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்துவிட்டார்களாம். சிந்திக் கிடந்த சோளமெல்லாம் அந்த இடத்தைச் சுற்றி முளைத்துப் பச்சையாக நிற்கிறதாம். வீரையா பிடுங்கவும் இல்லை, மாட்டை விடவும் இல்லையாம்.

அந்த இலைகள் இப்போது வெயிலைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேகம் விலகினால்.

என்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

17-1-1957

பாடக்குறிப்பு நோட்டில் பழைய வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். கீழே எழுதினேன்: ‘எல்லா உயிர்களும், தாவரங்களும்கூட, இரவும் பகலும் மூச்சுவிடுகின்றன. வெயிலில் பச்சை இலை கூடுதலாக ஒரு வேலை செய்கிறது.’ அதைப் படியெடுத்துப் பள்ளிக்கூடத்தில் இப்போது இருக்கும் ஆசிரியருக்கு அனுப்பினேன். ஜக்கையன் பெயரையும் எழுதினேன். பெயர் இல்லாமல் அந்த வரி நிற்காது.

8-9-1957, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஒச்சப்பன் வந்து சொல்லிவிட்டுப் போனார்: “ஞாயித்துக்கிழமை புதுக்குழி தொறக்குறாக. அந்தப் புள்ள வேலுத்தாய் உங்கள வரச் சொன்னுச்சு.” எதற்கு என்று கேட்டேன். “அதக் கேக்கல” என்றார்.

போனேன். வீரையா இருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க” என்று ஒரு வார்த்தை. ஒரு வருசத்துக்குப் பிறகு. வேலுத்தாய் குழிவாயின் பக்கத்திலேயே நின்றாள். தள்ளி நில் என்று ஒருவரும் சொல்லவில்லை. கருத்தம்மாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லைப் புரட்டுவதை வேடிக்கை பார்த்தாள். என்னைப் பார்த்ததும், “கண்ணாடி நல்லாயிருச்சா?” என்று கேட்டாள். கண்ணாடியின் காதைக் காட்டினேன்.

கல்லைப் புரட்டிவிட்டு அரைமணி நேரம் சும்மா நின்றோம். ஒச்சப்பன் லாந்தரைக் கயிற்றில் கட்டினார். வேலுத்தாய் அதை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினாள்.

“நீங்க எறக்குங்க சார்.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை. வேலை இருந்தது.

இறக்கினேன். ஒரு ஆள் ஆழத்தில் அணைந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.  வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி வீரையாவும் ஒச்சப்பனும் மாறி மாறி இறக்கி ஏற்றி உள்ளிருந்த காற்றைக் கலக்கினார்கள்.  இரண்டாம் முறை சுடர் சிறுத்து நீலமாகி ஒட்டிக்கொண்டு நின்றது, பிறகு போய்விட்டது. மறுபடி கொப்பு.

மூன்றாம் முறை அடிவரை இறக்கினேன். சோளத்தின்மேல் லாந்தர் உட்கார்ந்தது. மஞ்சளாக, நேராக எரிந்தது. குழியின் சுவர் தெரிந்தது, மணிகள் தெரிந்தன.

“எறங்கலாமா?” என்று வீரையா என்னைக் கேட்டார்.

நான் வேலுத்தாயைப் பார்த்தேன். அவள் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்” என்றாள்.

எரியவிட்டோம்.